பருத்திப் பஞ்சு ஏன் பிசுபிசுக்கிறது?

பருத்தி இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈ அளவுக்கு மீறிச் சாறு குடிப்பது பேராசையால் அல்ல. அது உறிஞ்சும் புளோயம் சாற்றில், அதாவது செடியின் உணவுக் குழாய்களில் ஓடும் சாற்றில், சர்க்கரை ஏராளம். அமினோ அமிலமோ சொற்பம். அந்தச் சொற்பத்தைத் திரட்ட நிறைய உறிஞ்சியாக வேண்டும். மிஞ்சிய இனிப்பு, கழிவாகத் துளித்துளியாகக் கீழ் இலைகளிலும் வெடித்த காய்களிலும் விழுகிறது. அதில் ஒரு பகுதி ஈயின் குடலிலேயே டிரெஹலுலோஸாக மாறிவிடுகிறது. காற்றின் ஈரத்தை இழுத்து இளகும் இந்தச் சர்க்கரைதான் நூற்பாலை உருளைகளில் பஞ்சை அப்பிக்கொள்ளச் செய்கிறது.

அப்படியானால் யூரியா இட்டுச் சாற்றில் அமினோ அமிலத்தைக் கூட்டினால் கழிவு குறையுமே என்று கேட்கலாம். ஒற்றைப் பூச்சிக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம், வயலுக்குப் பொருந்தாது. கலிபோர்னியப் பருத்தியில் தழைச்சத்து கூடியபோது ஈக்கள் பெருகின, படிந்த இனிப்பும் கூடியது. வெப்பமும் பூச்சியின் வளர்பருவமும் கழிவின் அளவை மாற்றத்தான் செய்யும். என் கணிப்பில் அவை ஈக்களின் எண்ணிக்கைக்கு அடுத்தபடிதான்.