மாடியில் வளர்ந்த நல்லபாம்பு



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, கல்லூரியில் படிக்கும் வாலிபன் ஒருவனை நண்பர்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்து எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வலது கட்டைவிரலில் பாம்புக் கடி. வயலிலா, வரப்பிலா என்று செவிலியர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மாடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் மூன்று மாதமாக அவன் ஒரு நல்லபாம்பை வளர்த்து வந்திருக்கிறான். "பல் பிடுங்கினதுதான் ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சற்று நேரத்தில் இமைகள் சரிந்தன, நாக்குக் குழறிற்று.

பல் பிடுங்கிய பாம்பு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதை மெய்யென்று நம்புகிறவர்கள் பலர். ஆனால் பாம்பின் விஷப்பல்லுக்குப் பின்னால் மாற்றுப் பற்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று போனால் சில வாரங்களில் அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும். விஷப்பையோ பல்லோடு போவதில்லை. பழகிய பாம்பு என்பதும் அப்படிப்பட்ட பேச்சே. எலியைத் தொட்ட கையை டிரம்முக்குள் விட்டால், அது எஜமானின் கை என்று பாம்புக்குத் தெரியாது. இந்த வாலிபனுக்கு நேர்ந்தது அதுதான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்க எவருக்கும் உரிமை இல்லை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் ராஜநாகம், நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், விஷமில்லாத சாரை ஆகியவைகூட முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கல்வி, ஆராய்ச்சி, உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுத்தல் போன்ற சில காரியங்களுக்கு மட்டும் அரசு அனுமதி தரும். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அப்படி அனுமதி பெற்றே விஷம் எடுக்கிறது. அவர்களும் பாம்பைச் சில வாரங்களே வைத்திருந்து, அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்ந்தவர்களே அதைச் செல்லப்பிராணி ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"அப்படியானால் வெளிநாட்டுப் பாம்பு வாங்குகிறேன்" என்கிறவர்களும் உண்டு. விமான நிலையங்களில் பெட்டிக்குள் பாம்பு பிடிபட்ட செய்திகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம், சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களையும் கணக்குக் காட்டிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் எங்களைக் கலங்கவைப்பது வழக்கு அல்ல, எங்கள் மருந்து அலமாரி. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. ஆப்பிரிக்க மாம்பாவோ அமெரிக்க ராட்டில் பாம்போ கடித்தால் அதை நம்ப முடியாது. நம் காடுகளிலுள்ள ராஜநாகத்துக்குக்கூட அது உதவாது. அதற்கான மருந்தை பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கிறது. கடிபட்டவர் அதுவரை காத்திருக்க முடியுமா?

நல்லவேளையாக எங்கள் வாலிபனைக் கடித்தது நல்லபாம்பு. முதலில் 10 குப்பி, பின்பு இன்னும் 10 குப்பி கொடுத்தோம். இரண்டு நாள் செயற்கை சுவாசத்தில் இருந்தான். இருந்தும் ஒரு மணி நேரம் வீணாகிவிட்டது. போலீசுக்குப் பயந்து, பாம்பை எங்கே ஒளிப்பது என்று நண்பர்கள் யோசித்துக் கொண்டிருந்தார்களாம்! எங்களிடம் வருகிறவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதுவோம், ஆனால் ஊசி போட்ட பிறகே. கட்டு இறுக்குவதும் கீறுவதும் வேண்டாம், கையை அசைக்காமல் உடனே கொண்டுவாருங்கள். வீட்டில் பாம்பு வைத்திருக்கும் பிள்ளை எவரையாவது நீங்கள் அறிந்தால், வனத்துறைக்குத் தகவல் கொடுத்து ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

மறுநாள் வனக்காவலர் டிரம்மைத் திறந்து பாம்பின் வாயை விரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் புதுப் பற்கள் முளைத்திருந்தன. வாலிபனின் கட்டைவிரல் நுனி அழுகிப்போனதால் எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு நடக்கிறது. கட்டு மாற்ற வரும்போதெல்லாம் இடது கையால் கையெழுத்துப் போடுகிறான்.