நேட்டாலின் கரும்பும் பொறுப்பாட்சியும்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் ஆங்கிலேயர் குடும்பத்தோடு சென்று குடியேறிய நாடுகள் பெரும்பாலும் ஒரே விதமான படிகளில் ஏறித் தன்னாட்சியை எய்தின. முதலில் கவர்னரின் ஆட்சி. பின்னர், குடியேறியோர் தேர்ந்தெடுத்த சட்டசபை. முடிவில், அச்சபைக்கு விடை கூறக் கடமைப்பட்ட மந்திரிசபை. கனடாவும் நியூஸிலாந்தும் ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்நிலையை அடைந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவின் கீழைக் கடற்கரையில் உள்ள நேட்டாலுக்கு இது 1893 இல்தான் கிட்டியது. அந்நாட்டின் வரலாறு நமக்கு அயலானதன்று.

1843 இல் பிரிட்டிஷார் வசமான நேட்டாலில், 1850 ஐ ஒட்டி ஆயிரக்கணக்கான ஆங்கிலேயர் வந்திறங்கினர். பருத்தி பயிரிட்டுப் பார்த்தனர்; பயனில்லை. கடலோர நிலத்தில் கரும்பு செழித்தது. ஆனால் ஆண்டு முழுவதும் தோட்டத்தில் உழைப்பதற்கு ஆள் வேண்டுமே! சொந்த நிலமும் மாட்டு மந்தையும் உடைய ஸூலு மக்கள் அயலார் தோட்டத்தில் ஓயாது பாடுபட வேண்டிய அவசியம் இல்லாதிருந்தனர். எனவே தோட்ட முதலாளிகள் இந்தியாவை நாடினர். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம் முதலாண்டில் பத்து ஷில்லிங். 1911 வரை இவ்வாறு சென்றவர் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். கரும்பு வயலில் மட்டுமன்றி, ரயில் பாதையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் அவர்கள் உழைத்தனர். ஒப்பந்தம் தீர்ந்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு, டர்பன் நகரச் சந்தைக்குக் கொணர்ந்தனர். ராமசாமி, முத்துசாமி என்று பெயர்கள் முடிவதைக் கேட்ட வெள்ளையர் இந்தியர் எல்லாரையுமே ‘சாமி’ என்று இழிவாக அழைத்தனராம். அச்சொல்லின் பொருளை அறிந்திருந்தால் வாய் கூசியிருக்கும்!

1891 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஐரோப்பியர் ஏறத்தாழ 47,000, இந்தியர் 41,000, ஆப்பிரிக்கரோ நாலரை லட்சம். ஆப்பிரிக்கரை 1865 ஆம் ஆண்டுச் சட்டமே வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. அதைக் கடந்து உள்ளே வந்தவர் மிகச் சிலர். பொறுப்பாட்சி என்னும் சொல்லைத் தமிழில் வழங்குகிறோம். யாரிடம் பொறுப்பு என்பதை அச்சொல் கூறுவதில்லை. நேட்டாலில் அது வாக்காளரிடம் பொறுப்பு. வாக்காளர் பட்டியலில் ஐரோப்பியர் ஒன்பதாயிரத்துக்கு மேல். இந்தியர் சுமார் 250 பேரே.

அந்த 250 பேரும் முதல் பிரதம மந்திரி சர் ஜான் ராபின்ஸனின் அரசாங்கத்துக்கு மிகையாகத் தோன்றினர். 1894 இல் இந்தியரின் வாக்குரிமையை நீக்கும் மசோதா வந்தது. இளம் பாரிஸ்டராக அங்கிருந்த காந்தியடிகள் பத்தாயிரம் பேரிடம் கையொப்பம் பெற்று, லண்டனில் குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்த ரிப்பன் பிரபுவுக்கு விண்ணப்பம் அனுப்பினார். இந்தியாவில் ஸ்தல சுயாட்சியை வளர்த்த அதே ரிப்பன் பிரபுதான். இனத்தின் பெயரைச் சொல்லி விலக்கும் மசோதாவுக்கு லண்டன் இசையவில்லை. ஆனால் 1896 இல் வாசகம் மாறியது. பார்லிமெண்டு முறையில் அமைந்த தேர்தல் ஸ்தாபனங்கள் இல்லாத நாட்டினருக்கு இனி வாக்குரிமை இல்லை என்று எழுதினர். முன்பே பட்டியலில் இருந்தோர் மட்டும் தப்பினர். இம்முறை லண்டன் இசைந்தது. இந்தியாவில் அத்தகைய ஸ்தாபனங்கள் இல்லாமைக்குக் காரணம் இந்தியாவை ஆண்ட அதே லண்டன் என்பதைச் சட்டம் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் 1895 இல் மற்றொரு சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தம் முடிந்தபின் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தாயகம் திரும்பாமலும் தங்குவோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஒப்பந்தக்காரரின் முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதப் பணம். பின்னர் வளர்ந்த பிள்ளைகள் மீதும் இவ்வரி விழுந்தது. உழைப்பு வேண்டும், உழைத்தவன் அண்டை வீட்டுக்காரனாக வேண்டாம் என்பதே இதன் நோக்கம்.

1910 இல் நேட்டால் தென்னாப்பிரிக்க யூனியனில் இணைந்தது. 1911 இல் இந்திய அரசாங்கம் அங்கு ஒப்பந்த ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. 1913 இல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். அப்போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் தமது பதினாறாம் வயதில் மறைந்தார். அவ்வாண்டே வரி நீங்கியது. இனவேற்றுமையின்றி எல்லாரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1994 ஏப்ரலில் நடைபெற்றது.