தினம் ஒரு பெயர்

குடும்ப வரலாற்றை எழுத வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் "நம்ம பாட்டனுக்கு அப்பா பேரு என்ன?" என்று கேட்கும்போது ஒன்று, சொத்து வழக்கில் வாரிசுகளின் பட்டியலை வக்கீல் கேட்கும்போது இன்னொன்று. இரண்டிலும் அவசரம். பதில் தெரிந்த பெரியம்மா போன வருடம்தான் காலமாகியிருப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் பத்திரம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதுக்காரரின் ஞாபகத்துக்கு அந்த உறுதி கிடையாது. அதனால் இதை ஒரு விடுமுறையில் முடித்துவிடலாம் என்று தள்ளிப்போடாமல், தினமும் கால்மணி நேரம் செய்யும் பழக்கமாக்கிக்கொள்வதே சரி என்று உறுதியாக நினைக்கிறேன்.

கால்மணி நேரத்தில் ஒரு பெயர், அந்தப் பெயரைப் பற்றி ஒரு கேள்வி. அவ்வளவு போதும். காலைக் காப்பி குடித்த கையோடு வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு நாள் அத்தைக்குப் போன் செய்யலாம். மறுநாள் அவர் சொன்னதை நோட்டில் ஏற்றலாம். அதற்கடுத்த நாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் படிக்கலாம். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், குலதெய்வம். கடைசியில், இதைச் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு சித்தப்பாக்கள் இரண்டு விதமாகச் சொல்லுவார்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். எது சரி என்பது பின்னால் ஒரு காகிதம் கிடைக்கும்போது தெரியும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் வீட்டில் கூப்பிட்ட பெயர்தான்.

குலதெய்வத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கும்பகோணத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்குக் கொள்ளிடத்துக்கு அப்பால் ஏதோ ஒரு சிற்றூரில் அய்யனார் குலதெய்வமாக இருந்தால், முன்னோர் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். படையல் நாளில் அங்கே போய் நின்றால், நீங்கள் பார்த்தே இராத பங்காளிகள் வருவார்கள். 1855இல் பிறந்தவரும் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவருமான உ.வே.சாமிநாதையர்கூட 'என் சரித்திர'த்தை ஊரிலும் முன்னோரிலும்தான் தொடங்கினார்.

பெரியவர்களிடம் வருடத்தைக் கேட்டால் பதில் வராது. சம்பவத்தைக் கேளுங்கள். "மாமாங்கத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் பாட்டி உடனே சொல்லுவார். கும்பகோணம் மகாமகம் 1956, 1968, 1980, 1992, 2004, 2016 ஆண்டுகளில் நடந்தது. "அந்த மாமாங்கத்துல தம்பி கைக்குழந்தை, தோள்லயே தூக்கிட்டுப் போனேன்" என்று அவர் சொன்னால், தம்பி பிறந்த காலம் ஓராண்டு முன்பின்னாகக் கிடைத்துவிடுகிறது. 1924ஆம் ஆண்டின் காவிரிப் பெருவெள்ளம், 1934இல் மேட்டூர் அணை திறந்தது, 1952 நவம்பர் கடைசியிலும் 1977 நவம்பரிலும் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல்கள் ஆகியவையும் இப்படி உதவும். தமிழ் வருடப் பெயர் சொல்லுபவர்களும் உண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் ரக்தாட்சி என்றால் 1924ஆகவும் இருக்கலாம், 1984ஆகவும் இருக்கலாம். கூடவே ஒரு சம்பவம் கேட்டால் தெளிவாகிவிடும். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்கு வயது சரிவர வேண்டும் என்று மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் அது.

பிறகு வீட்டில் இருக்கும் காகிதங்கள். கருமாதிப் பத்திரிகை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே ஒரு தாளில் இருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் நோட்டு அதைவிடப் பெரிய புதையல். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்பட்ட அந்த நோட்டில், எந்த ஊரோடு உங்கள் வீட்டுக்குப் போக்குவரத்து இருந்தது என்பது அப்படியே பதிந்திருக்கும். தினம் ஒரு பக்கம் எடுத்து, இவர் நமக்கு என்ன உறவு என்று ஒரு பெரியவரிடம் கேட்டாலே பல மாதங்களுக்கு வேலை இருக்கிறது.

அரச குடும்பங்கள் தங்கள் வம்சத்தைக் கல்லிலும் செம்பிலும் எழுதிக்கொண்டன. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் தம் போன்சலே வம்ச வரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் மராத்தியில் பொறிக்கச் செய்தார். ஆனைமங்கலம் செப்பேடு சோழர் வம்சத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. மேலிருந்து கீழே எழுதும் வம்சாவளிக்கு, நிரூபிக்க முடியாத முன்னோரிடமிருந்து தொடங்கிவிடும் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நீங்கள் உங்களிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலே போங்கள். அதே பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து நம் பாட்டிமார்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறதே!

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் இருப்பார்கள். மகள்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அதனால் பெண்களின் பெயர்களை விடுதலைப் பத்திரத்திலும், சீதனமாகக் கொடுத்த நிலத்தின் பத்திரத்திலும், வாரிசுச் சான்றிலும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் வாய்மொழி ஒன்றே வழி. பாட்டியின் அம்மா பெயர் என்ன, அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்ற கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய வருவாய்ப் பதிவேடுகளில் பசலி ஆண்டுதான் இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. பத்திரத்தில் "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும் மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டங்களாயின. அண்மைக் காலத்து வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

இதெல்லாம் நிலம் வைத்திருந்த வீடுகளுக்கு. இந்தக் காவிரி மண்ணில் நாற்று நட்டு அறுத்தவர்களில் ஏராளமானோர் பெயரில் ஒரு குழி நிலமும் இல்லை. பண்ணையாளாக மிராசுதாரின் மனையிலேயே குடியிருந்தவர்களின் பெயரைப் பத்திரத்தில் தேடிப் பயனில்லை. அவர்களுக்கு வேறு தடங்கள் இருக்கின்றன. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம், குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது. பல குடும்பங்களில் தாத்தாவின் பெயர் ஏறிய முதல் அரசுக் காகிதம் அந்த மனைப்பட்டாவாக இருக்கக்கூடும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும். தரங்கம்பாடியில் 1706இல் லுத்தரன் மிஷன் வந்தது. அதனால் கிறிஸ்தவக் குடும்பமானால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். முஸ்லிம் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர்.

"அக்கரைக்குப் போனவர் திரும்பவே இல்லை" என்று வீட்டில் ஒரு கதை இருந்தால் அதையும் விடாதீர்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்றப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. காரைக்காலிலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கும் போனார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் காரைக்கால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பிரான்ஸின் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

ஊருக்குப் போக வேண்டிய வேலைகளைச் சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மேட்டூர்த் தண்ணீர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டை வேலை செய்ய முயல வேண்டாம். அந்த ஒரு பெயரே போதும். மாதம் ஒருமுறை புதிதாக எழுதிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, இரண்டாம் திருமணம், சுவீகாரம் போன்றவற்றை அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பிரதியில் சேர்க்காதீர்கள்.