பெற்றோல் குடிக்கும் கார்: கறுப்புப் புகை சொல்வது என்ன?

உட்துறைமுக வீதியில் காரை நிறுத்தியபோது பின்னால் வந்த ஓட்டோக்காரர், "தம்பி, புகை கறுப்பா வருது, ஒருக்கா பாருங்க" என்றார். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடிய கார் அப்போது 9க்கு இறங்கியிருந்தது.

கறுப்புப் புகை நமக்குப் புதிதல்ல. 1990இல் தொடங்கிய தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, அதனால் புகைத்தது. வேறு வழியும் இருக்கவில்லை. இன்று பெற்றோல் காரில் அந்தப் புகை வந்தால், காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் எஞ்சினுக்குள் போகிறது.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றுப் போதாவிட்டால் கரியும் காபன் மொனொக்சைட்டும் வெளிவரும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

முதலில் போன இடத்தில் எதையும் கழற்றாமலே ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொன்னார்கள். இரண்டாவது மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றினார். நான்கிலும் உலர்ந்த கரி. ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கலாம். நான்கிலும் என்றால் காரணம் பொதுவானது. எயார் பில்டரில் அடைப்பில்லை. பெற்றோல் அழுத்த ரெகுலேட்டரின் வக்கூம் குழாயைக் கழற்றி முகர்ந்தார். பெற்றோல் மணம் வந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கும். வரவில்லை.

பிறகு ஸ்கேனரைப் பொருத்தினார். கை வைக்க முடியாத சூட்டில் எஞ்சின். திரையில் 20 பாகை! எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பிய கணினி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுப்பதுபோல் கூடுதல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 20 பாகை நடக்கக்கூடிய எண்தானே, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வெப்பநிலை சென்சரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு. கடற்காற்று செய்த வேலை. களிம்பால் மின்தடை கூடினால் அந்தச் சென்சர் குளிரென்றே சொல்லும்.

கனெக்டரைச் சுத்தம் செய்ததும் திரையில் 88 பாகை வந்தது. பாகம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துவிடும் என்பதால் ஒயிலை மாற்றினோம்.

காபரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் முதலில் சோக் முழுதாகத் திறக்கிறதா, மிதவை ஊசி ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

2022இல் கியூஆர் அட்டைக்குக் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர்தான். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் ஊரில் நாங்களும் வரிசையில்தான் நின்றோம். இந்தப் பழுது அப்போது வந்திருந்தால் அந்த 20 லீற்றரில் ஏழு வீணாகியிருக்கும்.