பேட்டரி கார்: புகை எங்கே போகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "எக்ஸெல் கற்றுக்கொண்டு வீட்டில் என்ன சார் செய்வது? நாங்கள் என்ன ஆபீஸா நடத்துகிறோம்?" இதுவரை பால் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று எதையாவது சொல்லிச் சமாளித்து வந்தேன். இனி அந்தக் கவலை இல்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டையை எக்ஸெல்லில் ஏற்றித் தீர்த்து வைத்திருக்கிறேன். முழுதாகத் தீர்ந்ததா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

சண்டைக்காரர்களில் ஒருவர் என் மச்சான். திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். இந்த ஊர்த் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், எம்பிராய்டரி இன்னொரு இடம். ஒரு பனியன் முழுதாக முடிவதற்குள் மச்சான் ஊரைப் பத்து முறை சுற்றிவிடுவார். தினமும் 80 கிலோமீட்டர் கார் ஓடும். பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்கும் நேரம் வந்துவிட்டது. இந்த முறை பேட்டரி கார் என்று முடிவு கட்டியிருந்தார்.

இன்னொருவர் என் தாய்மாமா. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவர்.

"புகையே கிடையாதுங்க மாமா. சுத்தமான வண்டி" என்றார் மச்சான்.

மாமா சாப்பாட்டை நிறுத்தவில்லை. "திருப்பூர்ல துணிகூடத்தான் சுத்தமா வந்துச்சு மாப்ள. அந்தச் சாயத்தண்ணி எங்க கெணத்துல வந்து நின்னுது. உங்க வண்டிப் பொகை எவன் ஊர்ல போயி நிக்குதுன்னு பாத்தீங்களா?"

பந்தியில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக இந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நொய்யல் ஆறு திருப்பூரின் நடுவே ஓடுகிறது. பனியன் ஏற்றுமதி வளர்ந்தபோது சாயப்பட்டறைகளும் பெருகின. சாயம் துணியில் பிடிப்பதற்கு உப்பு நிறையச் சேர்க்க வேண்டும். அந்த உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. சுற்று வட்டாரக் கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே ஆடிப்போன நாட்கள் அவை.

இப்போது பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் ஆவியாக்கக் கொதிகலன் எரிய வேண்டும், பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும், பயன்படாத கலப்பு உப்பை எங்காவது அடுக்கி வைக்க வேண்டும். அழுக்கு ஒரு இடத்தில் குறைந்தால் அதில் ஒரு பகுதி வேறு வேடத்தில் வேறு இடத்துக்குப் போகிறது. மாமா கேட்டதும் அதைத்தான். பதில் சொல்ல முடியாத மச்சான் என் பக்கம் திரும்பினார். "நீதான் எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுவியே. போட்டுச் சொல்லு."

கட்டம் கட்டமாக ஒரு கணக்கு

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். முதல் காலத்தில் விவரம், இரண்டாவது காலத்தில் பெட்ரோல் கார், மூன்றாவதில் பேட்டரி கார் என்று தலைப்பு கொடுங்கள்.

பெட்ரோல் காரை முதலில் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஒரு லிட்டர் பெட்ரோலே ஒரு கிலோ எடை இல்லையே, புகை மட்டும் எப்படி 2.3 கிலோ வரும் என்று என் மருமகன் கேட்டான். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. எடை அங்கிருந்து வருகிறது. கச்சா எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை கொண்டுவரும் செலவுக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 2.75 கிலோ என்று போட்டேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 183 கிராம்.

அடுத்து பேட்டரி கார். இந்திய மின் தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரம் தயாராகும்போது சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. காரணம், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியில் இருந்து வருகிறது. தமிழ்நாட்டிலேயே மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் நிலையங்களும், பழுப்பு நிலக்கரி எரிக்கும் நெய்வேலியும் இருக்கின்றன. தோண்டுவது, ரயிலில் ஏற்றி வருவது எல்லாம் சேர்த்து 0.75 என்று வைத்தேன்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் 0.75-ஐ நேராக 7-ஆல் வகுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு யுபிஎஸ் சார்ஜ் ஏறும்போது சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சூடு, வீணாகும் மின்சாரம். காரிலும் அப்படித்தான். மின் நிலையத்திலிருந்து கம்பி வழியாக வரும்போது கொஞ்சம், சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் போய்விடும். 100 யூனிட் தயாரித்தால் பேட்டரிக்குள் போவது 77 யூனிட் என்று கணக்கில் எடுத்தேன். ஆக, தயாராகும் ஒரு யூனிட்டுக்குக் கார் ஓடுவது 5.4 கிலோமீட்டர்தான். கிலோமீட்டருக்கு 139 கிராம்.

183-க்கு 139. மச்சான் கைதட்டினார். நான் அவரை நிறுத்தினேன், ஏனென்றால் பேட்டரியைத் தயாரிக்கும் செலவு இன்னும் வரவில்லை. லித்தியம் வெட்டி எடுப்பது, உருக்குவது, உலர்த்துவது எல்லாவற்றுக்கும் எரிபொருள் தேவை. ஸ்வீடனின் ஐ.வி.எல். என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம், ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி செய்ய 150 முதல் 200 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்று 2017-ல் சொன்னது. அதே நிறுவனம் 2019-ல் புதிய விவரங்களைப் பார்த்து 61 முதல் 106 கிலோ என்று திருத்திக்கொண்டது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு இன்னமும் வாதம் செய்பவர்களைப் பார்க்கலாம். அவர்களிடம் ஆண்டைக் கேளுங்கள். நான் 80 கிலோ என்று எடுத்தேன். மச்சான் பார்த்து வைத்த காரில் 30 யூனிட் பேட்டரி. 2,400 கிலோ. கார் ஷோரூமை விட்டு ஒரு அடி நகர்வதற்கு முன்பே ஏறிவிட்ட கடன் இது.

ஒரு கிலோமீட்டருக்கு 44 கிராம் மிச்சம். 2,400 கிலோவை 44 கிராமால் வகுத்தால் ஏறத்தாழ 55,000 கிலோமீட்டர். அதுவரை ஓடிய பிறகுதான் பேட்டரி கார் பெட்ரோல் காரை முந்துகிறது.

இந்த எண் தெரிந்த பிறகு "பேட்டரி கார் நல்லதா?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது. மச்சான் வருடத்துக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவர். இரண்டேகால் வருடத்தில் கடன் அடைந்துவிடும். மாமாவும் என்னைக் கேட்டார். அவர் கார் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போவது. வருடத்துக்கு 4,000 தாண்டாது. அவருக்குக் கிட்டத்தட்ட 14 வருடம் ஆகும். அதுவும் புதுப் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால். ஓடிக்கொண்டிருக்கும் காரை நிறுத்திவிட்டுப் புதிது வாங்கினால் இரும்பு, கண்ணாடி, டயர் எல்லாவற்றின் கணக்கும் தலையில் ஏறும். "இருக்கிறதையே ஓட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். பேட்டரி கார் கம்பெனிக்காரர்கள் இதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

பிளக் எங்கே, எத்தனை மணிக்கு?

மச்சானின் கம்பெனி மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. அங்கே சோலார் பேனல் போட்டுப் பகலில் காரைச் சார்ஜ் செய்தால் என்ன ஆகும்? பேனல் தயாரிக்கும் செலவையும் சேர்த்து யூனிட்டுக்கு 50 கிராம் போதும். 0.75 இருந்த கட்டத்தில் 0.05 என்று மாற்றினேன். கம்பியில் வீணாவதும் இல்லை. கிலோமீட்டருக்கு 8 கிராம்! கடன் அடைய 14,000 கிலோமீட்டருக்கும் குறைவு. மச்சானுக்கு ஏழு மாதம். ஒரே கார், ஒரே ஓட்டுநர், மாறியது பிளக் மட்டும். ஒரு எண்ணை மாற்றியதும் கீழே எல்லாம் தானாக மாறியதைப் பார்த்து என் அக்கா அன்றே எக்ஸெல் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

காற்றாலையும் நமக்குப் பக்கம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. பல பனியன் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் சொந்தமாகவே உண்டு. ஆனி, ஆடியில் அவை வாங்குவார் இல்லாத அளவுக்கு மின்சாரம் தரும் நாட்களும் உண்டு. ஆனால் காற்று கார்த்திகையில் இப்படி அடிக்காது. எல்லோரும் வேலை முடிந்து வந்து இரவு ஏழு மணிக்குப் பிளக்கைச் சொருகினால் அந்த நேரத்தில் சூரியனும் இல்லை. கூடுதல் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கப்போவது அனல் நிலையம்தான். ஜெனரேட்டர் போட்டுக் காரைச் சார்ஜ் செய்பவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குள் கிடைக்கும் லாபம் தனி. அவினாசி ரோட்டில் மாலை நேர நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் உயரம் சைலன்சரின் உயரம். பேட்டரி காரில் அந்தப் புகை இல்லை. டயர் தேய்ந்து பறக்கும் தூசு மட்டும் அப்படியே இருக்கும்.

பேட்டரியைப் பற்றி மாமா விடவில்லை. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா கார் ஓடியது ஈய பேட்டரியில், நம் யுபிஎஸ்ஸில் இருக்கும் அதே இனம். ஈயத்துக்கு எடைக்கு எடை காசு உண்டு என்பதால் பழையது கடைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அதை முறையில்லாமல் உருக்கும் இடங்களில் மண்ணும் பிள்ளைகளின் ரத்தமும் கெடுகின்றன. இன்றைய கார்களில் இருப்பது லித்தியம். காங்கோவில் எடுக்கும் கோபால்ட் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். இங்கே ஓடும் பல கார்களில் உள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் கோபால்ட் கிடையாது. பல கம்பெனிகள் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. ஓய்ந்த பேட்டரியைத் தயாரித்தவரே திரும்ப எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது.

இதையெல்லாம் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விதி அணைக்கட்டுக்கும் இருந்துச்சு கண்ணு. எட்டு வருசங் கழிச்சு அந்தப் பேட்டரி நெசமா எங்க போச்சுன்னு எழுத, இதுல ஒரு கட்டம் போட்டியா?"

போடவில்லை. அன்றிரவே ஒரு வரி சேர்த்துவிட்டேன். மச்சான் பேனலுக்கும் காருக்கும் முன்பணம் கட்டிவிட்டார். அந்த வரியில் மூன்றாவது காலம் இன்னும் காலியாக இருக்கிறது.