ஒரு செம்புப் பாலின் பலம்

விடிந்ததும் காப்பிக்குப் பால் வந்தாக வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் நமக்குப் பொறுக்காது. அந்தப் பாலைக் கறந்தவளுக்கும் ஓர் அவசரம் உண்டு என்று எப்போதாவது நினைத்தது உண்டா, சகோதரிகளே? நெல்லைக் குதிரில் கொட்டிவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். பால் காத்திருக்குமா? பொழுது ஏறினால் திரிந்து போகும். ஒற்றை எருமை வைத்திருப்பவள் தரகன் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்!

1945-ல் குஜராத்தின் கைரா ஜில்லாக் குடியானவர்கள் கதி இதுதான். 400 கிலோமீட்டருக்கு அப்பால் பம்பாயில் பாலுக்கு ஏகக் கிராக்கி. ஆனால் அங்கே அனுப்பும் உரிமை ஒரே ஒரு தனியார் கம்பெனியின் கையில். குடியானவர்கள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டார்கள். சங்கம் அமைத்து நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். 1946 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில், சமர்க்கா கிராமத்தில் அப்படியே முடிவாயிற்று. சர்க்கார் இணங்கவில்லை. உடனே, சொட்டுப் பால் கிடையாது என்று பதினைந்து நாள் வேலைநிறுத்தம்! பால்காசை நம்பி உலை வைக்கும் வீடுகளுக்கு அது லேசான காரியமா? கடைசியில் சர்க்கார்தான் இறங்கி வந்தது. டிசம்பர் 14-ல் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. தலைவர் திரிபுவன்தாஸ் படேல்.

ஏற்பாடு எளியது. காலையும் மாலையும் ஊர்ச் சங்கத்தில் பாலை அளப்பார்கள். கொழுப்புச் சத்தைச் சோதித்து, அதற்குத் தக்க விலை கொடுப்பார்கள். தண்ணீர் கலந்தால் நஷ்டம் கலந்தவருக்கே! எந்த ஜாதியானாலும் முன்னே வந்தவர் முன்னே. எருமை ஒன்றோ பத்தோ, ஆளுக்கு ஒரே ஓட்டு. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஜில்லா யூனியன். லாரி, டெய்ரி, மாட்டு வைத்தியர் என்று தனி ஆளுக்கு எட்டாதவையெல்லாம் அதன் பொறுப்பு.

குளிர்காலத்தில் ஒரு சங்கடம். எருமைகள் தாராளமாகக் கறக்கும். பம்பாயோ அவ்வளவையும் வாங்காது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தார்கள். முடியும் என்று செய்து காட்டினார் தலாயா. அவருடைய நண்பர் வர்கீஸ் குரியன் 1949-ல் ஆனந்த் நகருக்கு வந்தவர். நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்! 1955-ல் நேரு பிரதமராயிருக்கையில் பால்பொடித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 'அமுல்' என்ற பெயர் வீடுதோறும் நுழைந்தது.

1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அஜர்புரா கிராமத்தில் ஓர் இரவு தங்கி, எல்லாவற்றையும் நேரில் கண்டார். மறு வருஷமே தேசியப் பால்வள வாரியம் தோன்றியது. 1970 முதல் இந்த முறை நாடெங்கும் பரவியது. நம் வீட்டு வாசலுக்கு வரும் ஆவின் பாலும் இதே மூன்றடுக்கு ஏற்பாட்டில் வருவதுதான்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். புல் அறுத்து, சாணி அள்ளி, பால் கறப்பவள் பெரும்பாலும் பெண். சங்கப் புத்தகத்திலோ வெகுகாலம் பல வீடுகளில் கணவன் பெயர்தான்! பெண்களே நடத்தும் சங்கங்கள் வந்த ஊர்களில் பால்காசு அவள் பெயரிலேயே வரவாகிறது. பாடு ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது என்று இருக்கும்வரை, சங்கம் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது.