ஆம்லெட் ஏன் உப்புகிறது?

தி.நகரிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ தள்ளுவண்டிக் கடையில் ஆம்லெட் போடுவதை நின்று பார்த்திருக்கிறாயா, கண்ணு? எவர்சில்வர் டம்ளரில் முட்டையை உடைத்து ஊற்றுவார் கடைக்காரர். வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு ஸ்பூனால் டகடகவென்று அடிப்பார். சில நொடிதான். உடனே கல்லில் ஊற்றிவிடுவார். ஆம்லெட் தட்டையாக, ஓரம் மொறுமொறுவென்று வரும்.

இப்போது பிரான்சுக்குப் போவோம். நார்மண்டி கரையோரம் மோன் சேன் மிஷேல் என்று ஒரு குட்டித் தீவு. அதன் உச்சியில் பழைய மடாலயம் ஒன்று. நம் மெரினாவில் கடல் மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். அங்கே சில நாள் 14 மீட்டர் வரைக்கும் ஏறும்! அந்தக் காலத்து யாத்ரீகர்கள் தண்ணீர் வடியும் நேரம் பார்த்து மணலில் நடந்து வருவார்களாம்.

ஆனெத் பூலார் என்ற அம்மா 1888இல் அங்கே ஒரு விடுதி திறந்தார். பசியோடு வந்தவர்களுக்குச் சட்டென்று போட்டுக் கொடுக்க அவருக்குக் கைகொடுத்தது ஆம்லெட். இன்றைக்கும் அங்கே செம்புக் கிண்ணத்தில், தாளம் தப்பாமல், நெடுநேரம் முட்டை அடிக்கிறார்கள். விறகு அடுப்பில் அது பொங்கி எழும். உள்ளே வெட்டிப் பார்த்தால் நுரை!

இங்கேயும் கோழி முட்டை, அங்கேயும் கோழி முட்டை. அப்புறம் ஏன் இப்படி? கேட்கத் தோன்றியதல்லவா? சபாஷ்!

முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். ஒவ்வொரு புரதத்தையும் ஒரு குட்டிப் பட்டநூல் கண்டு என்று வைத்துக்கொள். கண்டுகள் தனித்தனியாகத் தண்ணீரில் மிதக்கின்றன. சூடு பட்டால் பிரிகின்றன. பிரிந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கலுக்குள் தண்ணீரும் மாட்டிக்கொள்கிறது. வழவழவென்று ஓடியது கெட்டியாகிவிட்டது!

புரிகிறதா? அப்படியானால் ஹாஃப் பாயிலும் உனக்குப் புரிந்துவிடும். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுக ஆரம்பிக்கும். மஞ்சள்கருவுக்கு 65 டிகிரியாவது வேண்டும். போதாததற்கு, அது கல்லைவிட்டு எட்டி மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் வெள்ளை வெந்த பிறகும் மஞ்சள் தளதளவென்று நிற்கிறது.

சரி, நுரை எங்கிருந்து வந்தது? நூல்கண்டு பிரியச் சூடுதான் வேண்டும் என்றில்லை. நன்றாக அடித்தாலும் பிரியும். அடிக்கிற வேகத்தில் காற்றும் உள்ளே நுழையும். பிரிந்த நூல்கள் ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் சுற்றிப் பின்னிக்கொள்ளும். அடுப்பில் வைத்ததும் உள்ளே இருக்கும் காற்று விரியும். குமிழி பெரிதாகும். அதே சூட்டில் நூல்வலையும் இறுகும். டம்ளரில் நாலு தட்டு தட்டினால் இதற்கெல்லாம் நேரம் ஏது? (எனக்கென்னவோ நம்ம ஊர்த் தட்டை ஆம்லெட்தான் பிடிக்கும். அந்த மொறுமொறு ஓரம் நுரை ஆம்லெட்டில் கிடைக்குமா?)

செம்புக் கிண்ணத்திலும் விஷயம் இருக்கிறது. அடிக்க அடிக்கத் துளியூண்டு செம்பு வெள்ளைக்கருவில் கலந்து, அதிலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுரை சீக்கிரம் உடையாது. ஹெரால்ட் மெக்கீ என்பவரும் அவருடைய தோழர்களும் இதைச் சோதித்து 1984இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சமையல்காரர்கள் அதற்கு வெகு முன்பே கைப்பழக்கத்தில் கண்டுபிடித்திருந்தார்கள்!

"எங்கள் வீட்டில் முட்டையே வாங்க மாட்டோம், மாமா" என்கிறாயா? கவலைப்படாதே. 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுப் பாடகர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். பயறு வெந்த தண்ணீரை அடித்தால், அதுவும் வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கிறது!

நவராத்திரிக்குக் கொண்டைக்கடலை சுண்டல் செய்யும்போது வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வை. அவரையே அதைக் கொழகொழவென்று ஆகும்வரை சுண்டக் காய்ச்சித் தரச் சொல். ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கில்லாத இரண்டு கிண்ணங்களில் சமமாக ஊற்று. ஒன்றில் மட்டும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடு. இரண்டையும் ஒரே அளவு நேரம் அடி. கை வலிக்கும், விட்டுவிடாதே! அரை மணி நேரம் கழித்து, எந்தக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் அதிகம் தேங்கியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.